தொட்டியில் ஆமை, தொட்டிலில் குழந்தை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி என்று பேசிப் பழகிய கூட்டம் இது. இங்கே ஆமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது செயலாளர் சிரித்துவிட்டார். பிறகு, "பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க சார், ஆனா யார் மனசும் நோகக் கூடாது" என்றார். எந்த வீட்டையும் குறிப்பிட்டுச் சொல்லப் போவதில்லை. அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரு பழமொழி உண்டு. அமீனா என்றால் கோர்ட் உத்தரவோடு வந்து சாமான்களை ஜப்தி செய்கிறவர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வங்கியில் வேலை பார்த்த எங்களுக்கு நன்றாகவே தெரியும். பட்டிமன்றங்களில் இந்த ஆமைக்குப் பொறாமை, கல்லாமை, இயலாமை என்று விளக்கம் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவார்கள். இப்போது காற்று திசை மாறிவிட்டது. ஆமை இருந்தால் வீட்டில் செல்வம் சேரும் என்று வாஸ்து பேசி விற்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. ஆமை பாவம், அது யாரையும் கெடுத்ததும் இல்லை, வாழ வைத்ததும் இல்லை. அதன் குடலில் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றி மட்டும்தான் பேச வந்தேன்.

எனக்குத் தெரிந்து நம் மூன்று பிளாக்குகளிலும் சேர்த்து ஐந்து வீடுகளில் ஆமை வளர்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை நிறக் குட்டி. கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் சிவப்புக் கோடு. ரெட் இயர்டு ஸ்லைடர் என்று பெயர். சிவப்புக் காது ஆமை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் பிறந்தநாள் பரிசாக வந்தவை. பெற்றோர் ஏன் சம்மதிக்கிறார்கள் என்பதும் புரிகிறது. நாய் என்றால் அக்கம்பக்கத்தில் சண்டை வரும். பூனை என்றால் முடி உதிரும். ஆமை குரைக்காது, ஓடாது, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கிடக்கும். பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. இந்தச் "சுத்தமாக இருக்கிறது" என்பதில்தான் சிக்கலே.

கிருமியின் பெயர் சால்மோனெல்லா. பல ஆமைகளின் குடலில் இது சாதாரணமாகவே இருக்கும். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நன்றாகத் தின்னும், நீந்தும், வெயில் காயும். ஆனால் எச்சத்தோடு கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். ஆமை எங்கே எச்சமிடும்? தான் நீந்துகிற அதே தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் அதன் ஓடு, தோல், கால், தொட்டியில் போட்ட கூழாங்கல் எல்லாவற்றிலும் படும். ஆகவே ஆமையைத் தொட்டவர் மட்டுமல்ல, தொட்டித் தண்ணீரில் கையை விட்டவரும் கிருமியைத் தொட்டவர்தான்.

டைபாய்டு எல்லோருக்கும் தெரியும். அதைத் தருவதும் சால்மோனெல்லாதான். ஆனால் அது வேறு வகை, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. ஆமையிடமிருந்து வருவது டைபாய்டு அல்லாத வகைகள். அதனால் "குழந்தைக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டாச்சு" என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் தராது.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்தவன். இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் அமெரிக்கா ஐம்பது வருடத்துக்கு முன்பே சூடு பட்டிருக்கிறது. அதன் கணக்கெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

சிவப்புக் காது ஆமைக்குச் சொந்த ஊரே அமெரிக்காதான், மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. லூசியானா மாநிலத்தில் பண்ணை வைத்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்து விற்றார்கள். 1970 வாக்கில் அங்கே வீட்டுக்கு வீடு குட்டி ஆமை. அப்போது எடுத்த மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 2,80,000 பேருக்கு ஆமை மூலமாகச் சால்மோனெல்லா தொற்று வந்தது. அந்த நாட்டின் மொத்த சால்மோனெல்லா நோயாளிகளில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பெரும்பாலோர் குழந்தைகள்.

1972இல் அரசு முதலில் என்ன செய்தது தெரியுமா? சான்றிதழ் கேட்டது. கிருமி இல்லை என்று பரிசோதித்துச் சான்று பெற்ற ஆமைகளைத்தான் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம் என்றார்கள். சான்றிதழ், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. ஆமைதான் சரியாக இல்லை. ஏனென்றால் கிருமி எல்லா நாளும் எச்சத்தில் வெளிவருவதில்லை. இன்றைக்குப் பரிசோதித்தால் இல்லை என்று வரும். லாரியில் ஏற்றி, இடம் மாற்றி, ஆமை மிரண்ட பிறகு பார்த்தால் இருக்கும். முட்டைகளை ஆன்டிபயாடிக் மருந்தில் முக்கி எடுத்தும் பார்த்தார்கள். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவானதுதான் மிச்சம். நம் ஊர்க் கடைக்காரர் "இது டெஸ்ட் பண்ணது, இந்தச் சொட்டு மருந்தை ஊத்துங்க, ஒண்ணும் வராது" என்று சொன்னால், இந்தப் பழைய கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 1975இல் தடை வந்தது. ஓட்டின் நீளம் நாலு அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது. அது என்ன நாலு அங்குலக் கணக்கு? அதைவிடச் சின்னதாக இருந்தால் குழந்தை அதை எடுத்து வாயில் வைத்துவிடும். அவ்வளவுதான் காரணம். பெரிய ஆமையிடம் கிருமி இல்லை என்று பொருள் இல்லை. இந்தத் தடையால் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு நோய் தவிர்க்கப்பட்டது என்று பின்னால் மதிப்பிட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. உள்நாட்டில் விற்கத் தடை போட்டவர்கள் ஏற்றுமதிக்குப் போடவில்லை. தங்கள் குழந்தைக்கு ஆகாது என்றதை வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆசிய நாடுகளிலும் இதற்குப் பண்ணைகள் வந்துவிட்டன. நம் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் ஒளித்துக் கொண்டுவந்து சுங்கத்துறையிடம் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பிடிபடாமல் வருவதுதான் பரிசுப் பெட்டிக்குள் போகிறது.

தடை இருக்கும் அமெரிக்காவிலேயே விஷயம் முடிந்துவிடவில்லை. சந்தைகளில், சாலையோரத்தில் விற்கத்தான் செய்கிறார்கள். 2007இல் ஃபுளோரிடாவில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை இந்தத் தொற்றில் இறந்தது. குழந்தையிடம் இருந்த கிருமியும் அந்த வீட்டுக்கு வந்த குட்டி ஆமையிடம் இருந்த கிருமியும் ஒன்றே என்று பரிசோதனையில் தெரிந்தது. மூன்று வாரக் குழந்தையால் ஆமையைப் பிடித்து விளையாட முடியுமா? முடியாது. வீட்டில் யாரோ ஒருவர் கை வழியாகவோ, பாத்திரம் வழியாகவோதான் அது போயிருக்க வேண்டும்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். "எங்க பையனுக்கு எட்டு வயசு, அவன் வாயில வைக்க மாட்டான்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். நியாயம்தான். ஆனால் அவனுக்கு ஒன்றரை வயதில் தங்கை இருக்கிறாள். வீட்டில் எழுபது தாண்டிய பாட்டி இருக்கிறார். அவன் கையால் அவள் பிஸ்கட் வாங்கித் தின்கிறாள். ஆமையை வைத்திருப்பது அண்ணன். ஆபத்தில் இருப்பது தங்கை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருக்கும் வீட்டில் ஆமை கூடாது. இதில் நான் நயமாகப் பேச விரும்பவில்லை. கூடாது என்றால் கூடாதுதான்.

"கை கழுவுறோமே" என்பார்கள். கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நோட்டு எண்ண ஈரப் பஞ்சு பக்கத்திலேயே இருந்தாலும் விரல் தானாக நாக்குக்குப் போகும். விவரம் தெரிந்த பெரியவர்களுக்கே அப்படி. குழந்தை நாளைக்கு எத்தனை தடவை வாயில் கை வைக்கிறது என்று யார் எண்ணுவது? சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு கைக்குழந்தையின் வீட்டில் இதை வைத்திருக்க முடியாது.

இன்னொன்று, நம் ஃபிளாட்டுகளின் அமைப்பு. தனி வீடு என்றால் கொல்லைப்புறத்தில் தொட்டியைக் கழுவலாம். இங்கே எங்கே கழுவுகிறோம்? சமையலறை சிங்க்கில். காலையில் தொட்டி, அதே இடத்தில் சற்று நேரம் கழித்துக் கீரை, பிறகு பால் பாட்டில். பாத்ரூமில் ஆமைக்கு எடுத்த மக்கையே குழந்தையைக் குளிப்பாட்டவும் எடுக்கிறோம். சிலர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் தொட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வீட்டிலும் பேரக் குழந்தை இருக்கிறது. அது ஆமை என்ற பிராணியைப் பார்த்திருக்கவே செய்யாது.

நோய் வந்தால் எப்படித் தெரியும்? தொற்றிய ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றில் முறுக்கு வலி. பெரும்பாலோருக்கு நாலிலிருந்து ஏழு நாளில் தானாகவே சரியாகிவிடும், ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஓய்வும் போதும். சிலருக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும். மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம். மலத்தில் ரத்தம், குறையாத காய்ச்சல், அழுதால் கண்ணீர் வராமல் வாய் உலர்ந்து போவது, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருந்துக் கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் நம் வளாகத்தில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் நாலு நாள் மருத்துவமனையில் இருந்தது. ஆமையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வெளியில் வாங்கிய தின்பண்டமாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஆமை இருக்கிறது என்று டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வெளியே என்ன சாப்பிட்டது, எந்தத் தண்ணீர் குடித்தது என்றுதான் கேட்டார். நம் ஊர் டாக்டர் நாய், பூனை இருக்கிறதா என்று கேட்டாலே பெரிது, ஆமையை அவர் எப்படி நினைப்பார்? நீங்களாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் எந்தப் பரிசோதனை தேவை என்று அவர் யோசிப்பார். குழந்தை தேறிய பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி போகலாம். டயபர் மாற்றுகிறவர்கள் அதுவரை கவனமாகக் கை கழுவ வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டில் மஞ்சள் நட்சத்திரம் போலக் கோடுகள் உள்ள நட்சத்திர ஆமை நம் நாட்டுப் பிராணி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வாஸ்துவுக்காக யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். பழமொழி சொன்ன அமீனா நிஜமாகவே வந்துவிடுவார்.

ஏற்கெனவே சிவப்புக் காது ஆமை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அவசரப்பட்டு ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் பலர் விடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதுமட்டுமல்ல, இந்தக் குட்டி குட்டியாகவே இருக்காது. பத்து அங்குலத்துக்கு மேல் வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். எட்டு வயதுப் பையன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் தொட்டியைக் கழுவுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வனத்துறையிடம் பேசி ஒப்படைக்க வழி கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பிள்ளையிடமும் மறைக்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டியைக் காலி செய்தால் அது வேறு விதமான வயிற்றுவலி.

சின்னக் குழந்தையோ வயதானவரோ இல்லாத வீடு, கொஞ்ச நாள் வைத்திருக்கத்தான் போகிறோம் என்றால்: தொட்டி சமையலறைக்குள்ளும் சாப்பாட்டு மேஜை மேலும் வரக் கூடாது. தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, பிளீச்சிங் போட்டுக் கழுவுங்கள். துலக்க ஒரு தனி மக்கும் பிரஷும் வைத்துக்கொள்ளுங்கள். முத்தம் கொடுப்பது, படுக்கையில் விடுவது, தரையில் உலாவ விடுவது வேண்டாம். தொட்டியைப் பெரியவர்தான் கழுவ வேண்டும், பிள்ளைகள் அல்ல.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. சம்ப் பக்கத்தில் இருக்கிற பொதுக் குழாயில் இரண்டு பேர் ஆமைத் தொட்டி கழுவுவதைப் பார்த்தேன். சாயங்காலம் அதே குழாயில்தான் விளையாடி முடித்த பிள்ளைகள் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். அங்கே எந்தப் பிராணியின் தொட்டியையும் கழுவக் கூடாது என்று ஒரு போர்டு வைக்க வேண்டும். போர்டு செலவு என்னுடையது. வாசகத்தை மட்டும் செயலாளர் எழுதிக் கொடுத்துவிடட்டும், நான் எழுதினால் நீளமாகிவிடும்.