பிளக்கைப் பார்த்து வாங்குங்கள்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் பேசியது)



நம்ம தஞ்சைச் சீமையில் ரேடியோவுக்கும் வயலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டுப் பயிர் செய்த நம் ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது நெல்லைப் பற்றி அல்ல. சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சாமானைப் பற்றி. அதுதான் ஸ்பார்க் பிளக்.

"இதைப் பேச என்ன இருக்கு? போயிட்டா கடையில் ஒண்ணு வாங்கி மாட்டுறோம்" என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். குறுவை நெல் பால் பிடிக்கும் சமயம். வயலில் புகையான் விழுந்துவிட்டது. பவர் ஸ்பிரேயரை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய பிளக்கைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, சைக்கிளில் போய்ப் புதுசு வாங்கி வந்தார். "மரை சரியா இருக்கு, எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போங்க" என்றாராம் கடைக்காரர். வீட்டில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். பாதியில் 'டக்'கென்று நின்றது. சித்தப்பாவும் விடவில்லை, பலத்தை எல்லாம் சேர்த்து இழுத்தார்.

சின்ன என்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவது என் தொழில் ஆனதால் எனக்கு ஆள் வந்தது. போய்க் கழற்றினேன். பிளக்கின் ஓரக் கம்பி அப்பளமாய் நசுங்கிக் கிடந்தது. பிஸ்டன் தலையில் பள்ளம். அந்த என்ஜினுக்கு வேண்டியது ஒன்பதரை மில்லிமீட்டர் மரை நீளமுள்ள பிளக். வாங்கி வந்தது 19 மில்லிமீட்டர். பிஸ்டன் மாற்றி ஸ்பிரேயர் ஓட நாலு நாள் ஆயிற்று. அதற்குள் வயலின் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து, ஒரு மா நிலத்துக்குக் குறையாமல் பதராகப் போய்விட்டது. ஒரு பிளக்கின் விலை எங்கே, அந்த நெல்லின் விலை எங்கே!

எதற்குப் பிளக் உண்டு?

டீசலில் ஓடும் பவர் டில்லர், டிராக்டர், ஆயில் என்ஜின் இவற்றுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அவற்றில் அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் ஓடுவதற்கும், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கும்தான் பிளக் உண்டு. முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், வரப்புப் புல் வெட்டும் கருவி, பெட்ரோல் களையெடுக்கும் கருவி, நடந்துகொண்டே ஓட்டும் நடவு இயந்திரம், வாய்க்காலில் இருந்து மேட்டு வயலுக்கு இறைக்கும் சின்ன பம்ப், பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்டும் வண்டி, எல்லாம் இந்த ஜாதி.

டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயர் நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடினால், பிளக் நிமிஷத்துக்கு 6000 தடவை பொறி விடுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு நூறு பொறி. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். அவ்வளவு உழைக்கிற சாமானை 'எல்லாம் ஒண்ணுதான்' என்று வாங்கலாமா?

நாலு அளவு

பிளக் வாங்கும்போது நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது மரையின் குறுக்களவு. நம் கருவிகளில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். கையில் பிடிக்கும் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் கருவிகள் சிலவற்றில் 10 மில்லிமீட்டர். இது மாறினால் பிளக் ஏறாது; ஆகவே இதில் ஏமாற வழியில்லை.

இரண்டாவது மரையின் நீளம். ஏமாறுகிற இடம் இதுதான். குறுக்களவு ஒன்றாக இருந்தால் குட்டைப் பிளக் பூட்டும் துளையில் நெட்டைப் பிளக்கும் நன்றாகவே ஏறும். ஏறிய பிறகு பிஸ்டனில் இடிக்கும். மாறாக, நெட்டை இருக்க வேண்டிய இடத்தில் குட்டை போட்டால், பொறி உள்ளே எட்டாது. காலியான மரையில் கரி பிடித்து, அடுத்த தடவை சரியான பிளக் ஏறாமல் போகும்.

மூன்றாவது சூட்டு நம்பர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாலாவது, நடு முனைக்கும் ஓரக் கம்பிக்கும் உள்ள இடைவெளி. டூ ஸ்ட்ரோக் கருவிகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்; ஃபோர் ஸ்ட்ரோக் பம்ப்களில் 0.7 முதல் 0.8. உங்கள் கருவியோடு வந்த கையேட்டில் சொல்லியிருப்பதே கடைசி வார்த்தை. ஃபீலர் கேஜ் வைத்து அளப்பது நல்லது. அவசரத்துக்கு ஆக்ஸா பிளேடின் பல் இல்லாத முதுகுப் பக்கம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ ஓரக் கம்பியை மட்டும் மெதுவாக வளையுங்கள். நடு முனையை நெம்பினால் பீங்கான் விண்டுவிடும்.

சூட்டு நம்பர் என்றால் என்ன?

பிளக்கின் மூக்கு ரொம்பக் குளிர்ந்தும் இருக்கக் கூடாது, ரொம்பக் காயவும் கூடாது. 500 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிச் சூடு இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 டிகிரிக்கு மேல் போனால், பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அப்புறம் பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதுதான் பாக்கி.

அகப்பையைப் பாருங்கள். காம்பு நீளமாக இருந்தால் சூடு கைக்கு வந்து சேர நேரமாகிறது. குட்டைக் காம்பாக இருந்தால் உடனே சுடுகிறது. அதுபோல, பிளக்கின் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் அதன் சூடு இரும்புக் கூட்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. மூக்கு சூடாகவே இருக்கிறது. இதைச் 'சூட்டுப் பிளக்' என்போம். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இது 'குளிர் பிளக்'. முழு வேகத்தில் மணிக்கணக்காக உழைக்கிற என்ஜினுக்குக் குளிர் பிளக். மந்தமாக ஓடுகிற, சூடு குறைவான என்ஜினுக்குச் சூட்டுப் பிளக். மொத்தக் கணக்கு இதுதான்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் தலைகீழாக இருக்கும். என்ஜிகே பிளக்கில் நம்பர் ஏற ஏறக் குளிர் பிளக். சாம்பியனிலும் இப்போதைய பாஷ் பிளக்கிலும் நம்பர் ஏற ஏறச் சூட்டுப் பிளக். நம்ம ஊர்ப் பட்டறைகளில் பெரியவர்கள் இன்னும் 'மைக்கோ பிளக்' என்றுதான் கேட்பார்கள். 1951-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிதான் மைக்கோ. 2008-ல் அதன் பேர் பாஷ் லிமிடெட் என்று மாறிற்று. பழைய மைக்கோ பிளக்கில் 95, 145, 175, 225 என்று நம்பர் இருக்கும். அதில் நம்பர் ஏறினால் குளிர். ஆகவே "பழசில் 7 இருந்தது, இதிலும் 7 இருக்கு" என்று வேறு கம்பெனிப் பிளக்கை வாங்காதீர்கள். கம்பெனி மாற வேண்டுமானால், கடையில் உள்ள மாற்று அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

என்ஜிகே எழுத்துக்களை எப்படிப் படிப்பது என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன். பல டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயர்களிலும் புல் வெட்டும் கருவிகளிலும் வருவது பிபிஎம்7ஏ. இது 14 மில்லிமீட்டர் மரை, ஒன்பதரை மில்லிமீட்டர் நீளம், 19 நம்பர் ஸ்பானர், சூட்டு நம்பர் 7. பல ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் பம்ப்களில் வருவது பிபிஆர்6இஎஸ். இதுவும் 14 மில்லிமீட்டர் மரைதான். ஆனால் நீளம் 19 மில்லிமீட்டர், 21 நம்பர் ஸ்பானர், சூட்டு நம்பர் 6. சித்தப்பா வீட்டுக் கதை நடந்தது இந்த இரண்டு ஜாதியும் இடம் மாறியதால்தான்.

நடுவில் வரும் 'ஆர்' என்ற எழுத்து, உள்ளே மின்தடை இருப்பதைக் குறிக்கிறது. அது ரேடியோவில் கரகரப்பு வராமல் தடுக்கும். அது இல்லாத பிளக்கைப் போட்டுப் பக்கத்தில் என்ஜினை ஓட்டினால், நான் பேசுவது உங்கள் காதில் விழாது! 'ஆர்' இருந்த இடத்தில் 'ஆர்' உள்ளதையே போடுங்கள். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மீட்டரில் பார்த்தால், அந்தப் பிளக்கில் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே சுமார் 5 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது சரக்கு போலி. எழுத்து மங்கலாக இருப்பது, நடு முனை கோணலாக இருப்பது, இவையும் போலிக்கு அடையாளம்.

முகத்தைப் பார்த்து நோய் சொல்லலாம்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல, என்ஜினின் நோயைப் பிளக்கின் மூக்கில் பார்க்கலாம். வேலை ஓட்டத்தில் இருக்கும்போதே நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

இளம் பழுப்பு நிறம்: என்ஜின் சுகமாக இருக்கிறது.

வறண்ட கரி: ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக்கைத் திறக்க மறந்தது, அல்லது அளவுக்கு மீறிய குளிர் பிளக்.

எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு: டூ ஸ்ட்ரோக்கானால் எண்ணெய் கூடிவிட்டது, ஃபோர் ஸ்ட்ரோக்கானால் ரிங் தேய்ந்திருக்கலாம். "இன்னும் கொஞ்சம் ஊத்தினா என்ஜினுக்கு நல்லது" என்று எண்ணெயைச் சாய்க்காதீர்கள். லிட்டர் பெட்ரோலுக்கு, நாற்பதுக்கு ஒன்று என்றால் 25 மில்லி, ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி. உங்கள் கருவிக்கு எது என்று கையேட்டில் பார்த்து, அளந்து ஊற்றுங்கள்.

வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால்: ஆபத்து. உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று கசிகிறது, அல்லது சூட்டுப் பிளக் போட்டிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலக்க மறந்தாலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். நோய் ஏர் ஃபில்டரில் இருக்கும்போது பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் கரையும்.

பூட்டும்போதும் கழற்றும்போதும்

என்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றாதீர்கள். அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள். கரிப் பிளக்கை அடுப்பு நெருப்பில் போட்டுக் காய்ச்சுவது பழைய வழக்கம். பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், அதை விட்டுவிடுங்கள். பெட்ரோலில் நனைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டால் போதும்.

பூட்டும்போது ஸ்பானரை முதலிலேயே எடுக்க வேண்டாம். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ட்யூபைச் செருகி, அதைத் திருகி மரையைப் பிடிக்க வையுங்கள். கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கும், மரை கெடாது. கடைசிவரை ஏறி உட்கார்ந்த பிறகு, வாஷரோடு உள்ள புதுப் பிளக்கானால் ஸ்பானரால் அரைச் சுற்று. பழசானால் கால் சுற்றுக்குள். அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

பொறி வருகிறதா என்று பார்க்கிறவர்கள் பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதற்கு எட்டத்தில், ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிளக்கைப் பிடித்து என்ஜின் உடம்பில் ஒட்டி வைத்துப் பாருங்கள். பல பூச்சி மருந்துகளில் தீப்பிடிக்கும் கரைப்பான் கலந்திருக்கிறது. ஸ்பிரேயரை முதுகில் சுமந்துகொண்டோ, மருந்து நிரப்பி வைத்துக்கொண்டோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மண்ணெண்ணெய் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு

கடைமடைப் பக்கத்தில் வடிகாலிலிருந்து இறைக்க இந்தப் பம்ப் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள். அப்படியே நிறுத்தினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலையில் பிளக் நனைந்து, கயிறு இழுத்துக் கை ஓய்ந்துபோகும்.

பொங்கலுக்கு அப்புறம்

சம்பா அறுத்த பிறகு கருவியைப் பரணில் போட்டால், ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் தண்ணீர் வரும் சமயம்தான் நினைவு வருகிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆகவே டாங்கைக் காலி செய்து, மிச்சத்தை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றித் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டி வையுங்கள்.

கடைசியாக மூன்றே வார்த்தை. ஒன்று: பழைய பிளக்கைத் தூர எறியாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்; பக்கத்தில் வைத்து மரையை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு: பிளக்கில் உள்ள எழுத்தையும் நம்பரையும் வீட்டுச் சுவரிலோ நாட்காட்டியிலோ எழுதி வையுங்கள். மூன்று: நடவுக்கு முன்பே சரியான பிளக் ஒன்றும், பாக்ஸ் ஸ்பானர் ஒன்றும் கூடுதலாக வாங்கி ஸ்பிரேயர் பெட்டியில் போட்டு வையுங்கள்.

எங்கள் சித்தப்பா இப்போது பெட்டியில் இரண்டு பிளக் வைத்திருக்கிறார். "எதுக்கு சித்தப்பா ரெண்டு?" என்று கேட்டேன். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அடுத்த வயல்காரனுக்கு. அவன் வயல்ல புகையான் விழுந்தா நம்ம வயலுக்குத்தானே வரும்" என்றார். அவர் சொன்னது சரிதானே?