"அவனாத்தான் எறங்கினான்"

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

மலக்குழிக்குள்ள ஒருத்தர் செத்துப்போனா வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்றாங்க: "நாங்க எறங்கச் சொல்லலியே, அவனாத்தான் எறங்கினான்." தலைமுறை தலைமுறையா குறிப்பிட்ட சில சாதிக்காரங்க மட்டுமே ஒரே வேலையைத் 'தேர்ந்தெடுக்கிறாங்க'ன்னா, அது யாருடைய தேர்வு?

விவாதம் பழசு. 1932இல், பூனா ஒப்பந்தத்துக்குப் பின், காந்தியின் தீண்டாமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் ஒரு கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவனின் துயரத்துக்கு அவன் நடத்தையே காரணம் என்று நினைத்தால் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று அவனைத் திருத்தக் கிளம்புவோம். சூழல் காரணம் என்றால் சூழலை மாற்றுவோம். அம்பேத்கர் கேட்டது இரண்டாவதை: ஊர்க் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொது வண்டி எல்லாவற்றிலும் உரிமையை நிலைநாட்டும் போராட்டம். சங்கம் அந்த வழியில் போகவில்லை.

அப்ப, சட்டம் போட்டா போதுமா? கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 1997 ஆனது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013 சட்டம்தான் தடை செய்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில் 2014இல் தீர்ப்பு வந்தது: 1993 முதல் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம். 2023இல் அது முப்பது லட்சமானது. தொகை ஏறிடுச்சு. சாவு நிக்கல.

ஏன்னு எனக்குத் தெரியும். நான் வங்கியில் குமாஸ்தா. இந்த வேலையை விட்டுவிட்டு வண்டி வாங்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். "ஜாமீன் போட ஆளிருக்கா? சொத்து இருக்கா?" இல்லை. மனு அடுக்கில் கிடந்தது. அடுக்கி வைத்த கை என்னுடையது. சில மாதம் கழித்துப் பார்த்தேன், பழைய வேலைக்கே போய்விட்டிருந்தார். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனா, அவராத்தான் போனார்னு நானும் சொல்லலாம்.

அரசா, தனிமனிதனா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைப் பார்க்கணும். சட்டப் புத்தகத்தை வைத்திருக்கிற கையும் சாதியக் கைதான். அமல்படுத்தாத சட்டம் கடைசியில் அதிகாரியின் இஷ்டமாகிவிடுகிறது. தெரிவு செய்ய இடமே இல்லாதவர் மேல்தான் தெரிவின் பழி முழுக்க விழுகிறது. நமக்குச் சட்டமும் வேணும், அதைத் தெருவுக்கு இழுத்து வர்ற இயக்கமும் வேணும்.

மாணவத் தோழர்களே, உங்க விடுதி மலக்குழியை யார் சுத்தம் பண்றாங்கன்னு நாளைக்குக் கேளுங்க. ஆள் இறங்கினா தடுத்து நிறுத்துங்க. புகார் எழுதி, உங்க பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. தனிமனிதரா நாம செய்யவேண்டிய தேர்வு அதுதான்.

ஜெய்பீம்.