தாயின் பெயர் தாங்கிய இசைத்தட்டு



திருவனந்தபுரத்திலிருந்து விதுராவைக் கடந்து மலையேறினால், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் வந்து சேரும். அதற்கும் மேலே 1868 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்பது அகத்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் பெயர் தாங்கிய மலை அது. அம்மலையின் அடியில், தேயிலை கிள்ளுவதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். தோட்டத்து ஆலை இன்று ஓய்ந்து கிடக்கிறது. லயங்கள் பல ஆளின்றிப் பாழடைந்துவிட்டன. பிழைப்பை நாடி எங்களுள் பெரும்பாலோர் கீழே இறங்கிவிட்டோம். இறங்கும்போது எவ்வளவோ பொருள்களைச் சுமந்து வந்தோம். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டு வந்தோம். அது உறுமி.

இடை சுருங்கிய, இருமுகமுடைய தோற்கருவி உறுமி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் அழுந்தத் தேய்ப்பார்கள். அப்போது எழும் ஓசை, அடிவயிற்றிலிருந்து ஒரு விலங்கு உறுமுவது போலிருக்கும். கோயில் கொடையில் அது முழங்கினால் எங்கள் அன்னையர் வேலையை மறந்து நிற்பார்கள். நாங்களோ, கீழேயுள்ள பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் கேட்டுவிடுவார்களோ என்று கூசினோம். அம்மாவின் பேச்சும் அந்தக் கொட்டும் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சினோம். வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வச்சம் புதியதன்று.

இந்த அச்சத்தை விட்டொழித்த ஒரு பெண்மணியின் இசைத்தட்டைப் பற்றியே இன்று சொல்ல முற்படுகிறோம்.

மாதங்கி அருள்பிரகாசம் 1975ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் இலங்கைக்குத் திரும்பினர். யாழ்ப்பாணத்திலும், சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்தார். போரின் கொடுமை மிகவே, 1986இல் அன்னையுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தார். அன்னை கலா தையல் வேலை செய்து மூன்று மக்களை வளர்த்தார். மகள் ஓவியக்கலை பயின்று, பின்னர் பாட்டுக்குத் திரும்பினார். எம்.ஐ.ஏ. என்பது அவர் பூண்ட மேடைப்பெயர். போரில் காணாமற் போனவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுதிக்கு 'அருளர்' என்று பெயரிட்டார். அது இயக்கத்தில் அவர் தந்தை பூண்டிருந்த பெயர். 2007 ஆகஸ்டில் வந்த இரண்டாவது தொகுதிக்கு 'கலா' என்று பெயர். தந்தையின் பெயர் ஊரறிந்தது. அன்னையின் பெயரோ வீட்டுக்குள் மட்டும் வழங்கியது. வீட்டுப்பெயரை உலகச் சந்தையில் ஏற்றியது சிறு செயலன்று.

எந்தக் கலைஞருக்கும் இரண்டாவது படைப்பே சோதனை. முதற்படைப்பில் அதுவரை வாழ்ந்த வாழ்வெல்லாம் கைகொடுக்கும். இரண்டாவதற்குப் புதிதாகத் தேடவேண்டும். அமெரிக்காவில் அமர்ந்து அதனைப் பதிவு செய்ய அவர் எண்ணியிருந்தார். 2006இல் அந்நாட்டு விசா மறுக்கப்பட்டது. கதவு அடைபட்டதும் அவர் வாசலிலேயே காத்து நிற்கவில்லை. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று நாடு நாடாகச் சென்றார். சென்ற இடத்து ஓசைகளையே கருவியாக்கிக் கொண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குரலையும் இத்தொகுதியில் கேட்கலாம்.

ஆயினும் அதன் முதுகெலும்பு தமிழ்க் கொட்டே. சென்னைக்கு வந்து தாளக் கலைஞர்களுடன் பதிவு செய்தார். 'பறவைக் காய்ச்சல்' என்று பொருள்படும் பாடலிலும், 'பாய்ஸ்' என்ற பாடலிலும் உறுமி முழங்குகிறது. மெருகிட்டு அடக்கிவைத்த முழக்கமன்று. கொடை நடக்கும் தெருவில் நின்று கேட்பது போன்றே மோதுகிறது. தொகுதியின் முதற்பாடலில், 1991இல் வெளிவந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த பகுதி ஒலிக்கிறது. இளையராஜா அமைத்த அப்பாட்டை யேசுதாசும் பாலசுப்பிரமணியமும் இணைந்து பாடியிருந்தனர். 1982ஆம் ஆண்டு வந்த 'டிஸ்கோ டான்சர்' என்ற இந்திப் படத்தின் 'ஜிம்மி' பாடலையும் தம் குரலில் மீண்டும் பாடியிருக்கிறார்.

இத்தொகுதியில் பெரும்புகழ் பெற்றது 'காகித விமானங்கள்' என்று பொருள்படும் பாடல். குடிபெயர்ந்து வருகிறவன் கொள்ளையடிக்கவே வருகிறான் என்ற ஐயத்தை அது நையாண்டி செய்கிறது. பல்லவியில் சொற்கள் நிற்கவேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. விசா மறுத்த நாட்டிலேயே 2008இல் அப்பாடல் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. 2009 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று அவர் பாடியதை உலகம் கண்டது.

இவ்விசையில் குறை காண்பாரும் உளர். இரைச்சல் மிகுதி என்பர். பாட்டு ஆங்கிலத்தில் இருக்கத் தமிழ் எங்கே என்பர். அக்கேள்வி நியாயமானதே. ஒரு நாட்டின் ஓசையை எடுத்து ஆள்வது வேறு. அதனை வாழ்நாளெல்லாம் பயின்று காப்பது வேறு. பரம்பரையாக உறுமி வாசிப்பவர்க்கு அவருக்குக் கிட்டிய புகழில் சிறு பங்கேனும் கிட்டியதா என்று நாமும் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த உறுமியை முதன்முதல் அவ்விசைத்தட்டில் கேட்டபோது எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. எதைக் கேட்டு யாரும் சிரித்துவிடுவார்களோ என்று நடுங்கினோமோ, அதனை முன்பின் அறியாத நாட்டார் விரும்பிக் கேட்டு ஆடினர். எங்கள் நெஞ்சில் முதலில் எழுந்தது பெருமையன்று; வெட்கமே. ஒரு காலத்தில் உறுமிக்காக வெட்கினோம். இப்போது அப்படி வெட்கியதற்காக வெட்கினோம். கொட்டு மாறவில்லை; மாறவேண்டியிருந்தது எங்கள் செவியே.

வேலை தேடிப் பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குடியேறிய அன்பர்களே! அங்குள்ள மொழியைக் கற்பது கடமை; அண்டை வீட்டார் இசையை நேசிப்பது பண்பு. அவற்றுக்காக அம்மாவின் குரலைத் தணிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறையேனும் குழந்தைகளை ஊர்க்கொடைக்கு அழைத்துச் சென்று, உறுமிக்காரர் அருகில் நிறுத்துங்கள். வாசிப்பவரின் பெயரைக் கேட்டு அறியச் சொல்லுங்கள். பெரிய இசைத்தட்டுகள் மறந்துவிடும் பெயர்களை நம் பிள்ளைகளாவது நினைவில் வைத்திருக்கட்டும்.