எந்தத் தோட்டம்?



இளையோர் ஒருவர் தம் அன்றாட வாழ்வில் கண்டதைப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டுக்கொண்டனர். நான் கண்டது பெரிதொன்றுமில்லை. ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இந்நாட்டில் முன்பின் அறியாத இரண்டு தமிழர்கள் ஒரு திருமண வீட்டிலோ மருத்துவமனையிலோ அருகருகே அமர்ந்தால், சற்று நேரத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்பார்: "நீங்க எந்தத் தோட்டம்?"

பதின்மூன்று வயதில் இக்கேள்விக்கு நான் பொய் சொன்னேன். இடைநிலைப்பள்ளியில் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து ஊரைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருந்தது. நானோ "சுங்கை பெசார் பட்டணம்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். யாரும் என்னை ஏளனம் செய்யவில்லை. செய்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்கே அப்படிச் சொன்னேன். அந்த அச்சத்தை எனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஓராண்டு முன்னர், தமிழ்ப்பள்ளியில், 'என் பாட்டியின் இளமைக்காலம்' என்றொரு கட்டுரை எழுதினேன். பாட்டி கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், பால்மரம் வெட்டியவர், மணமாகி வடக்கே வந்தபின் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அவர் சொன்னபடியே எழுதினேன்: விடியுமுன் பெரட்டுக்குப் போனது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டது, மங்கில் பால் நிறைந்தது, மறுநாள் ஒட்டுப்பால் உரித்தது. கட்டுரை திரும்பி வந்தபோது அந்த நான்கு சொற்களையும் சிவப்பு மை வட்டமிட்டிருந்தது. அருகில் 'பேச்சு வழக்கு' என்ற குறிப்பு. ஆயாக்கொட்டகைக்கு மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று திருத்தம். ஆசிரியரை நான் குறைகூறவில்லை. புள்ளி வழங்கும் முறைப்படி அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். நாளை நானும் ஆசிரியராகப் போகிறவள். எனக்கும் சிவப்பு மை தருவார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு: பாட்டியின் வாழ்க்கையைப் பாட்டியின் சொல்லில் எழுதினால் அது பிழை.

அந்த நான்கும் உண்மையில் பிழைகளா? பெரட்டு, ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்'. ஆள்கணக்கு எடுக்க விடியற்காலையில் வரிசையாக நிறுத்தியதால் வந்த பெயர். மங்கு, மலாய்மொழியின் 'மங்கோக்'. லயமும் ஆங்கில 'லைன்'தான். ஒட்டுப்பாலோ தூய தமிழ். வெட்டிய கோட்டில் ஒட்டிக் காய்ந்துபோன பாலுக்கு வேறெந்தச் சொல்லும் இவ்வளவு பொருந்தாது. மூன்று மொழிகள் உரசிய ஓரிடத்தில், எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர், தம் தொழிலுக்கு வேண்டிய கலைச்சொற்களைத் தாமே ஆக்கிக்கொண்டார்கள். இதே வேலையைக் குழு அமைத்துச் செய்தால் நாம் பாராட்டுகிறோம்.

நம் வட்டாரத்தில் இதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கோனியே 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் வணிக நோக்கோடு செம்பனை பயிரிட்டார். இந்நாட்டுச் செம்பனைத் தொழிலின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவர். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுவோரும் அப்பெயரை அப்படியே எழுதியாக வேண்டும். அதற்கு மட்டும் எவரும் சிவப்பு வட்டமிட்டதில்லை!

தமிழ்ப்பள்ளிக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவை ஆசிரியர்கள் அறிவீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படிப் பிறந்த பள்ளிகளுள் பல இன்று பட்டண ஓரத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' இருக்கிறது. எங்கள் குடும்பமும் அப்படியே பெயர்ந்தது. அப்பாவின் வேலை முடிந்ததும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு தாமானில் குடியேறினோம். தாமான் என்றாலும் மலாயில் தோட்டம் என்றே பொருள். ஆனால் "எந்தத் தாமான்?" என்று கேட்பவர் முகவரியைத்தான் கேட்கிறார். "எந்தத் தோட்டம்?" என்பவர் என் தாத்தாவை அவருக்குத் தெரியுமா என்று பார்க்கிறார். சில வேளைகளில் அதற்கு அப்பாலும், கேட்கத் தகாததை, சாதியைத் துருவுகிறார் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் அமர்ந்தேன். தோட்டத்துச் சொற்களைத் தொகுக்கப் போகிறேன் என்றேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். "உனக்கு எதுக்குடி அதெல்லாம்? அந்தக் கஷ்டம் எங்களோட போகட்டும்," என்றார். அட்டைக் கடியையும், மழை பெய்தால் வேலையில்லாமல் போன நாள்களையும் சொன்னார். ஆயாக்கொட்டகையில் விட்ட முதற்குழந்தை காய்ச்சலில் இறந்ததை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். நான் பேனாவை மூடிவைத்தேன். என் கட்டுரையில் அச்சொல் எவ்வளவு எளிதாக வந்து விழுந்திருந்தது! தோட்ட வாழ்வைப் பொற்காலம்போல மேடையில் பேசுவோரைக் கேட்கும்போது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. 'குழந்தைகள் காப்பகம்' என்ற திருத்தமும் அதே அளவுக்குப் பொய்யாகத் தோன்றுகிறது. காத்த இடமா அது?

ஆகவே ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது சிறிது. பிள்ளைகள் இத்தகைய சொல்லை எழுதி வந்தால், வட்டமிடுமுன் அதன் பொருளைக் கேளுங்கள். தேர்வுக்கு ஆகாது என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் ஏட்டின் ஓரத்தில் அச்சொல்லும் பொருளும் இருக்கட்டும். மாணவ நண்பர்களே, வீட்டில் முதியவர் இருந்தால் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

நானும் வற்புறுத்தவில்லை. நான்கைந்து நாள் கழித்துப் பாட்டியே, "அந்தப் புஸ்தகத்துல என்னதான் எழுதுன, படி பாப்போம்," என்றார். 'மங்கு: ரப்பர்ப்பால் சேகரிக்கும் கிண்ணம்' என்று படித்தேன்.

"கிண்ணத்துல சோறு திம்பாங்க. மங்குலதான் பால் விழும். அடிச்சுட்டு எழுது," என்றார்.

அடித்துவிட்டு எழுதினேன். இதுவரை நூற்றிருபது சொற்கள் சேர்ந்துள்ளன. உங்களிடம் இருப்பவற்றையும் எனக்குத் தாருங்கள்.