கெசட்டில் இருக்கும் காடு



ஜொகூரின் லாயாங் லாயாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அதற்கு முன்னால் பால்மரம். அதற்கும் முன்னால் பெருங்காடு. அந்தக் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டதில் நம் தாத்தா பாட்டிமாரின் வியர்வையும் இருக்கிறது. ஆகவே, எஞ்சியிருக்கும் காட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

குளுவாங் போய், கஹாங்கிலிருந்து மண்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் கம்போங் பேத்தா வரும். ஜக்குன் பூர்வகுடி மக்களின் கிராமம். அதை ஒட்டித்தான் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. ஜொகூர் பகுதி மட்டும் 48,905 ஹெக்டர். இன்று நாம் அங்கே சுற்றிப் பார்க்கப் போய்வருகிறோம். ஆனால் இந்தக் காடு கைநழுவிப் போகப் பார்த்த காடு.

மூன்றாம் மலேசியத் திட்டத்தில் இதைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை இருந்தது. அப்படியிருந்தும் 1977இல், பகாங் பக்கத்தில், பூங்காவின் நடுப்பகுதியாக இருக்க வேண்டிய இடத்திலேயே மரம் வெட்ட மாநில அரசு அனுமதி கொடுத்தது. 12,000 ஹெக்டருக்கு மேல்! நாளிதழ்களில் கடிதங்கள் குவிந்தன, இயற்கை ஆர்வலர்கள் குரல் எழுப்பினார்கள். மறு ஆண்டே மரவெட்டு நின்றது. 1985இல் மலேசிய இயற்கைக் கழகம் அறிவியலாளர்களைத் திரட்டி அந்தக் காட்டுக்குள் ஆய்வுப் பயணம் போனது. அங்கே வளரும் விசிறிப் பனை ஒன்றுக்கு எண்டாவ் என்ற பெயரையே அறிவியல் உலகம் சூட்டியது. 1989இல் ஜொகூர் தனக்கென்று தேசியப் பூங்காச் சட்டம் இயற்றியது. 1993இல் எண்டாவ் ரொம்பின் அரசு கெசட்டில் ஏறியது. மக்கள் எதிர்ப்பிலிருந்து கெசட் வரைக்கும் 16 ஆண்டுகள்.

இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் உண்டு. நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நிரந்தர வனக் காப்பகமாக அறிவித்த நிலத்தையும், அதைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயன் உண்டென்றால், பட்டியலிலிருந்து நீக்க மாநில அரசுக்கு இடம் தருகிறது. பெயரில்தான் நிரந்தரம்.

சிலாங்கூரில் இதைக் கண்ணாரக் கண்டோம். கோலா லங்காட் உத்தாரா காட்டுக்கு 2020இல் ஆபத்து வந்தது. காட்டை நீக்குமுன் மக்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அந்த மாநிலத்தில் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது; ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். அப்படியும் 2021இல் 500 ஹெக்டருக்கு மேல் நீக்கிவிட்டார்கள். மறுபடியும் கொதித்தெழுந்த பிறகே, அந்த ஆண்டு செப்டம்பரில், முடிவை மாநில அரசு கைவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்க, காட்டுக்கு முதல் காயம் சாலையால்தான். லாரி போக ஒரு தடம் வெட்டினால் போதும், பின்னாலேயே ரம்பம் வரும், கண்ணி வைப்பவர் வருவார். 2025 மே 11ஆம் தேதி, பேராக்கில் காட்டை ஊடறுத்துப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்கன்று இறந்தது. தாய் யானை லாரியை முட்டிக்கொண்டே நின்றது. அன்று அன்னையர் தினம். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2001இல் சாலையில்லாக் காடுகளுக்கென்றே ஒரு விதி வந்தது. 5 கோடியே 85 லட்சம் ஏக்கர் அரசு வனத்தில் புதுச் சாலையும் மரவெட்டும் பெரும்பாலும் கூடாது என்றது. நாடாளுமன்றச் சட்டமாக இல்லாமல் நிர்வாக விதியாக இருந்ததால், 2025 ஜூனில் அதை விலக்கிக்கொள்ளப் போவதாக அரசால் எளிதாக அறிவிக்க முடிந்தது.

நம் நாடாளுமன்றம் 2022இல் வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்பகத்தை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், நீக்கினால் மாற்று நிலம் தர வேண்டும். ஆனால் மாநிலம் அதை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது இந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேளுங்கள். விசாரணை அறிவிப்பு வந்தால், உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.