காற்றாலைக்கும் குடிசைக்கும் எவ்வளவு தூரம்?

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காற்றாலை நமக்கு விரோதியல்ல. கரியை எரிக்காமல், சாம்பலைக் கொட்டாமல் மின்சாரம் தரும் இயந்திரம் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, தாராபுரம் பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நூற்பாலை முதலாளிகள் பலர் சொந்தக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். நாம் ஓட்டும் ரிங் பிரேமைச் சுற்றுவதில் அந்தக் காற்றுக்கும் பங்குண்டு.

எனவே, காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யார் வீட்டு வாசலில் அது நிற்பது என்பதே கேள்வி.

2016 அக்டோபரில் மத்திய சர்க்கார் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் இரண்டு அளவுகள் உள்ளன. ஒன்று, சாலை, ரயில் பாதை, கட்டிடங்களுக்கானது. கோபுர உயரம், இறக்கை வட்டத்தின் குறுக்களவில் பாதி, இவற்றுடன் 5 மீட்டர் சேர்த்து அவ்வளவு தூரம் விட வேண்டும். கோபுரம் 120 மீட்டர், வட்டம் 120 மீட்டர் என்றால் 185 மீட்டர். இயந்திரம் சாய்ந்தாலும் மேலே விழக்கூடாது என்பதற்கான கணக்கு இது. இரண்டாவது, சத்தத்துக்கானது. குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் காற்றாலை வைக்கக்கூடாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது நெறி; சட்டசபையோ பாராளுமன்றமோ இயற்றிய சட்டமல்ல. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் அனுமதிப் பட்டியலில் காற்றாலை கிடையாது. 2016-ல் அதை ‘வெள்ளை’ வகையில் சேர்த்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். அப்படியானால் அந்த 500 மீட்டரை அளப்பது யார்? பட்டா இல்லாத குடிசையும் அந்தக் கணக்கில் குடியிருப்புதானா?

சத்தத்துக்கென்று 2000-ம் ஆண்டு விதி ஒன்று உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இரவில் தூங்குபவனுக்கு இது பொருந்தும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் மில் தொழிலாளிக்கு எது இரவு? அவன் தூங்கும் நேரத்துக்குப் பகல் கணக்கைத்தான் போடுகிறார்கள். வெயில் சாயும் வேளையில் இறக்கையின் நிழல் வீட்டுக்குள் வெட்டி வெட்டி விழும் தொல்லை வேறு.

இப்போது ஒரு புதிய நிலைமை வந்திருக்கிறது. பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. இயந்திரம் வளர்கிறது, 500 மீட்டர் வளரவில்லை. டென்மார்க்கில் என்ன செய்கிறார்கள்? இறக்கை நுனி வரையுள்ள மொத்த உயரத்தைப்போல் 4 மடங்கு தூரம் விடுகிறார்கள். நாம் சொன்ன அதே காற்றாலையின் மொத்த உயரம் 180 மீட்டர். 4 மடங்கு 720 மீட்டர். இயந்திரம் பெரிதானால் அங்கே இடைவெளியும் கூடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

தூரத்தைச் சட்டமாக்கு! இயந்திரத்தின் உயரத்தை வைத்து அதைக் கணக்கிடு!

பட்டா உள்ள வீட்டுக்கும் இல்லாத குடிசைக்கும் ஒரே அளவு வை!

பழையதை மாற்றிப் பெரியதை வைக்கும்போது மறுபடியும் அள!

அஸ்திவாரம் தோண்டும் முன்பு வரைபடத்தைக் கிராம சபையில் வை!

மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. ஊருக்குப் பத்துப் பேராவது போய் உட்காருவோம். தீர்மானத்தை எழுதிக் கொண்டு போவோம். நிறைவேற்றிவிட்டுத்தான் எழுந்திருப்போம்!