மணவறையில் காணாக்கடி



வைகாசி முகூர்த்தம் என்றால் மும்பையில் அது மே கடைசி, ஜூன் முதல் வாரம். மழை வந்தபாடில்லை, காற்றில் ஈரம் மட்டும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். மாஹிம் பக்கத்துக் கல்யாண ஹால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மணப்பெண் அறையில் விடிகாலை நாலு மணிக்கே ஏழெட்டுப் பேர் அடைந்திருப்பார்கள். ஏசி ஓடுகிறது என்பது சத்தத்தில்தான் தெரியும். ஜடை பின்னி, பூ தைத்து, நெற்றிச்சுட்டியைப் பொருத்துகிற நேரத்தில் பெண் கழுத்தைச் சொறிகிறாள். விலக்கிப் பார்த்தால் காதுக்குக் கீழே தொடங்கி மார்பு வரை சிவப்புத் திட்டு. நடுநடுவே கொசு கடித்த மாதிரி தடிப்பு.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த அறையில் எல்லோரும் டாக்டர். “காணாக்கடிடீ, வெத்தலையில மிளகை வச்சு மெல்லு” என்பார் தாராவியிலிருந்து வந்த பெரியம்மா. பித்தம் எழும்பியிருக்கிறது, ஆம்சுல் புளி ஊறவைத்த தண்ணீரைத் தடவுங்கள் என்பார் பக்கத்து வீட்டு மராத்தி மாமி. மாட்டுங்கா அத்தைக்குச் சந்தேகமே இல்லை, கண் பட்டிருக்கிறது. மேக்கப் போட வந்த பெண்ணோ பிரஷ்ஷைக் கீழே வைக்காமலேயே, “ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, டென்ஷன்” என்று முடித்துவிடுவார்.

மேக்கப் பெண் சொன்னது பாதி உண்மை. பதற்றத்தில் தோல் தடிக்கும். ஆனால் கல்யாண நாளில் தடிக்கிற தோல் எல்லாம் பதற்றத்தால் தடிப்பதில்லை.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்க்கலாம். நம் தோலுக்குள், நரம்பு நுனிகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் பக்கத்தில், மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் இருக்கின்றன. பவுல் எர்லிக் என்ற ஜெர்மானியர் 1878-இல் அடையாளம் காட்டியவை. இவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் நிரம்பியிருக்கும். 1910-இல் லண்டனில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் அதன் குணங்களை ஆராய்ந்து சொன்னார்கள். மாஸ்ட் செல் தூண்டப்பட்டால் ஹிஸ்டமின் வெளியே கொட்டும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும், அவற்றிலிருந்து நீர் கசியும், அந்த இடம் சிவந்து வீங்கி அரிக்கும். காணாக்கடி, அர்டிகேரியா, பித்தம் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் உள்ளே நடப்பது இதுதான். ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துபோகிற சாதாரணத் தொல்லை.

மனக் கலக்கமும் இந்த அணுக்களைத் தூண்டலாம். 1950-இல் அமெரிக்காவில் டேவிட் கிரஹாம் என்ற மருத்துவர், தடிப்பு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் வாழ்க்கையைப் பேசவைத்து, பேசும்போது தோலின் ரத்தக் குழாய்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தார். தனக்கு ஏதோ செய்கிறார்கள், தன்னால் எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்குத் தடிப்பு வருகிறது என்பது அவர் முடிவு. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மனநிலை என்று கணக்குப்போட்ட அந்தக் கோட்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. இருந்தாலும் நம் மணப்பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். தலையை ஒருத்தர் இழுக்கிறார், கையை ஒருத்தர் பிடித்திருக்கிறார், மடிசாரா கூரைப்புடவையா என்று வேறு இருவர் வாதாடுகிறார்கள், அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கிரஹாம் மாஹிமுக்கு வந்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார்.

கல்யாணத்துக்கென்றே பொருந்துகிற இன்னொரு வகை உண்டு. உடம்புச் சூடு ஏறும்போதும் வியர்க்கும்போதும் மனம் படபடக்கும்போதும், குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னத் தடிப்புகள் கழுத்திலும் மார்பிலும் கையிலும் கிளம்பும். சுற்றிலும் சிவப்பு, சுருக்சுருக்கென்று அரிப்பு. கோலினெர்ஜிக் அர்டிகேரியா என்பார்கள். வில்லியம் டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் 1924-இல் விவரித்தது. ஜரிகைப் புடவை, இறுக்கமான ரவிக்கை, இடுப்பில் ஒட்டியாணம், எதிரே ஓமகுண்டம், மேலே வீடியோ விளக்கு என்று அதற்குத் தேவையானது எல்லாம் மணவறையில் தயாராக இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இது தானே அடங்கிவிடும்.

இன்னும் சிலருக்குத் தடிப்பே இருக்காது. கழுத்தில் வரைபடம் போலச் சிவப்பு படரும், அரிக்காது. அது வெறும் ரத்த ஓட்டம். தொடாமல் விட்டால் போதும்.

வந்தது காணாக்கடியா, வேறு ஏதாவதா என்று பார்க்கப் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் போதும். எங்கே வந்தது? எவ்வளவு நேரம் இருக்கிறது? காணாக்கடி ஒரே இடத்தில் நிற்காது. கழுத்தில் இருந்தது அரை மணியில் முழங்கைக்குப் போகும், இடுப்பில் எழும்பும். எந்தத் தடிப்பும் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவது அரிது. மறைந்தால் அடையாளமே இருக்காது. ஆனால் நகை பட்ட இடத்தில் மட்டும், பொட்டு ஒட்டிய இடத்தில் மட்டும், மருதாணிக் கோட்டின் மேலேயே வரி பிசகாமல் சிவந்து, நாள் கணக்கில் நின்று, நீர் கோத்தால், அதற்கும் டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. அது ஒவ்வாமை. குற்றவாளி அறைக்குள்ளேயே எங்காவது ஒரு டப்பாவில் இருப்பார்.

கவரிங் நகையில் இருக்கும் நிக்கல் உலகம் முழுக்கப் பேர்போனது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் வருகிற ஒரு பீனால் வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் அரிப்பையும், சிலருக்கு அந்த வட்டத்தில் நிரந்தர வெண்மையையும் உண்டாக்கும். இலையை அரைத்து வைத்த மருதாணி அநேகமாக யாரையும் ஒன்றும் செய்யாது. சீக்கிரம் பிடிக்கிறது, கறுப்பாகச் சிவக்கிறது என்று விற்கிற கறுப்பு மெஹந்தியில் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி கலந்திருக்கும். அது கொப்புளமே வரவைக்கும். அதுவும் உடனே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. முந்தின நாள் மெஹந்தி என்றால் தாலி கட்டுகிற வேளைக்குச் சரியாக வந்து சேரும்.

மாலையையும் விட முடியாது. மாட்டுங்காவில் தமிழ்ப் பூக்காரர்கள் கட்டித் தருகிற மாலைகளில் சாமந்தி இருக்கும். சாமந்தியும் பார்த்தீனியக் களையும் ஒரே குடும்பம். இந்தியாவில் பார்த்தீனியம் கண்ணில் பட்டு ஊரெங்கும் பேசப்பட்டது 1950-களின் நடுவில், இங்கே பக்கத்தில் புனேயில்தான். அந்தக் களை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது. அப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால் மாலை மாற்றும்போது அவர் கழுத்துதான் முதலில் சொல்லும். தடிப்பு மணப்பெண்ணின் தனிச்சொத்து இல்லை. புது பிளேடில் மழித்து, மணக்க மணக்க லோஷன் போட்டுக்கொண்டு வரும் மாப்பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது ஒரு சின்ன டியூப். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ‘கொஞ்சம் கலர் வரணும்’ என்று யாராவது சொல்வார்கள். மெடிக்கலில் கேட்டால் ஒரு கிரீம் கிடைக்கும். பத்து நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பல சமயம் அதில் இருப்பது பீட்டாமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டு. சில தோல் அழற்சிகளுக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தரவேண்டிய மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும். சட்டென்று நிறுத்தினால் முகம் முழுக்கச் சிவந்து எரியும். ‘கிரீம் போட்டால்தான் முகம் நன்றாக இருக்கிறது’ என்று மறுபடியும் அதையே எடுப்பார்கள்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதல்ல. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேருக்கு அது வெறும் சிவப்பழகு கிரீம் அல்லது பொதுவாகப் பூசிக்கொள்ளும் கிரீம். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சீட்டு கேட்காத கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது ஒவ்வொரு பேட்டைக்காரருக்கும் தெரியும். கல்யாணத்தன்று திடீரென்று முகம் சிவந்த பெண்ணிடம் ‘பயப்படுறியா’ என்று கேட்பதற்கு முன், ‘எந்த கிரீம் போட்டே’ என்று கேட்பது நல்லது. அம்மா இல்லாத இடத்தில் கேட்டால் உண்மையான பதில் வரும்.

அறைக்கு வெளியே இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, ‘ஏதோ தோல் வியாதி போல’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். இந்தப் பயத்துக்கு இந்தப் பகுதியிலேயே நீண்ட சரித்திரம் உண்டு. 1890-இல் பம்பாய் நகராட்சி ஆணையர் ஆக்வொர்த், வீடற்ற தொழுநோயாளிகளுக்கென்று மாட்டுங்காவில் ஒரு காப்பகம் திறந்தார். இன்று வடாலாவில் இருக்கும் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை அதுதான். தொழுநோய்க்கு மருந்து வந்து குணமாகத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், கணவனுக்கோ மனைவிக்கோ அந்த நோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. அதை நீக்கியது 2019-இல்தான். தொழுநோய்க்கே இப்போது இந்தப் பேச்சு செல்லாது. யாருக்கும் ஒட்டாத, சாயங்காலத்துக்குள் காணாமல் போகிற காணாக்கடிக்குச் சம்பந்தி வீட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

சரி, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, கழுத்து சிவந்திருக்கிறது. என்ன செய்வது?

அறையிலிருந்து ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். இருவர் போதும். நகையைக் கழற்றி, ரவிக்கையைத் தளர்த்தி, மின்விசிறிக்கு நேரே உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போடலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம். ஆம்சுல் தண்ணீரும் குளிர்ச்சியாக இருந்தால் இதம்தான், மராத்தி மாமியோடு சண்டை வேண்டாம். கரகரப்பான வேப்பிலையைத் தேய்ப்பது மட்டும் கூடாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் ஹிஸ்டமின் கொட்டும். சொறிந்த கோடு அப்படியே கயிறு போல எழும்பும். காலமின் லோஷன் தடவலாம். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பெண்ணுக்கு இரண்டு இட்லி கொடுங்கள்.

மாத்திரை என்றால் செட்டிரிசின் வகை. சுமார் ஒரு மணி நேரத்தில் அரிப்பைக் குறைக்கும். பழைய அவில் மாத்திரையும் கேட்கும், ஆனால் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு வரும். சப்தபதியில் ஏழடி எடுத்துவைப்பதற்குள் பெண் கண் செருகினால் அது வேறு கதையாகிவிடும். இதுவரை போட்டுப் பழகாத மாத்திரையை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சோதிக்க வேண்டுமா என்பதையும், மற்ற மருந்து ஏதாவது சாப்பிடுகிறவராக இருந்தால் ஒத்துப்போகுமா என்பதையும், குடும்ப டாக்டரிடம் முன்பே கேட்டுவைப்பது நல்லது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரவெல்லாம் முழித்துத் தலைவலி என்று கைப்பையிலிருந்து ஒரு டிஸ்பிரினோ காம்பிஃப்ளாமோ எடுத்துக் கொடுப்பார்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் காணாக்கடியைக் கிளப்பிவிடக் கூடியவை. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

தடிப்பு அடங்கியும் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தால், மேக்கப் பெட்டியில் பச்சை நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும், கேளுங்கள். சிவப்பின் மேல் பச்சையை மெல்லத் தடவி, அதற்கு மேல் வழக்கமான நிறத்தைப் போட்டால் கேமராவுக்குத் தெரியாது. மணப்பெண்ணுக்கு ஏற்கெனவே பழக்கமான பொருளாக அது இருக்க வேண்டும். புது ஃபேஷியல், புது பிளீச் எல்லாம் கல்யாணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் முழங்கை மடிப்பில் துளி தடவி இரண்டு நாள் பார்த்திருக்க வேண்டும்.

உதடோ கண் இமையோ நாக்கோ வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சு இழுத்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், முகூர்த்தம் காத்திருக்கட்டும். அது அனாஃபிலாக்சிஸ் என்ற ஆபத்தாக இருக்கலாம். அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து, மாத்திரை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மாஹிமிலேயே ஹிந்துஜா மருத்துவமனை இருக்கிறது, தாராவி தாண்டினால் சயான் ஆஸ்பத்திரி. பட்டுப்புடவையோடு அவசரப் பிரிவுக்குப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

கல்யாணம் முடிந்த பிறகும் தடிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டேயிருந்து ஆறு வாரத்தைத் தாண்டினால், தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஓபிடி வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் தடிப்பு மறைந்து தோல் சுத்தமாக இருக்கும், டாக்டர் எதைப் பார்ப்பார்? தடிப்பு வரும்போதே மொபைலில் இரண்டு படம் எடுத்து, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது, என்ன பூசியது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த கிரீம் டியூபையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், அட்டைப்பெட்டியோடு.